இருமலும் ஆறு மாத மாத்திரையும்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? "ஒர்க்‌ஷாப் தூசிதான்"னு விட்டுவிடாதீர்கள். நெஞ்சுநோய் மருத்துவர் முதலில் சளிப் பரிசோதனை செய்யச் சொல்வார். சாதாரண நுரையீரல் காசநோய் என்றால் முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து. அரசு மருத்துவமனையில் இலவசம்.

1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளிகளில் பாதிப்பேரை சானடோரியத்திலும் மீதிப்பேரை வீட்டிலும் வைத்துச் சிகிச்சை அளித்தது. 1959-ல் வந்த முடிவு: ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம், அதனால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை.

அப்புறம் ஆபத்து எங்கே? சில வாரத்தில் இருமல் குறைந்து உடம்பு தேறும். "சரியாப் போச்சே, இனி எதுக்கு மாத்திரை?"னு நிறுத்தினால் மிச்சக் கிருமி மறுபடி பெருகும், மருந்துக்கு அடங்காததாகவும் மாறலாம்.

ஹாஸ்டல் அறைத் தோழன் இருமினால் ஒதுக்காதீர்கள். கையோடு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்!