எக்செல் பயிற்சி: நீச்சல்குளத்துக்கு எந்த ஹீட்டர்?

எக்செல் என்றதும் பலருக்கும் மளிகைக் கணக்கும் மார்க் லிஸ்ட்டும்தான் நினைவுக்கு வரும். கூட்டல் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறவர்களே அதிகம். உண்மையில் எக்செல்லின் பலம் கூட்டலில் இல்லை. "இந்த எண்ணை மாற்றினால் மற்றவை எப்படி மாறும்?" என்ற கேள்விக்கு ஒரு நொடியில் பதில் சொல்வதில்தான் இருக்கிறது. அதை இந்த மாதம் ஒரு நிஜக் கணக்கை வைத்துப் பார்ப்போம்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் என் அண்ணன் வாங்கிய வீட்டில் சிறிய நீச்சல்குளம் ஒன்று இருக்கிறது. அங்கே மார்ச், நவம்பர் மாதங்களில் தண்ணீரில் கால் வைக்க முடியாது. எரிவாயுவில் இயங்கும் ஹீட்டர் பொருத்தினால் சனி, ஞாயிறுகளில் குழந்தைகள் நீந்தலாம். கடைக்காரர் 4,00,000 பிடியூ ஹீட்டரைச் சிபாரிசு செய்தார். அது தேவையா, சிறியது போதுமா என்று அண்ணன் கேட்டார். நான் அனுப்பிய ஒர்க்‌ஷீட்தான் இந்தப் பாடம். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதைச் செய்யலாம்.

பிடியூ என்றால் என்ன?

ஒரு பவுண்டு தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி பாரன்ஹீட் உயர்த்தத் தேவைப்படும் வெப்பமே ஒரு பிடியூ. நம் வீட்டு ஏசியில் ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியூ. நீச்சல்குள ஹீட்டரையும் மணிக்கு இத்தனை பிடியூ என்றுதான் விற்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹீட்டரின் மேல் போட்டிருக்கும் எண் இன்புட், அதாவது அது எரிக்கும் எரிவாயுவின் அளவு. தண்ணீருக்குப் போய்ச் சேரும் வெப்பம் அதைவிடக் குறைவு. 2013 ஏப்ரல் 16 முதல் தயாரிக்கப்படும் ஹீட்டர்களுக்குக் குறைந்தது 82 சதவீதத் திறன் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசின் விதி. எனவே 2,50,000 என்று போட்டிருந்தால் தண்ணீருக்குக் கிடைப்பது 2,05,000தான்.

ஒர்க்‌ஷீட் தயாரிப்போம்

புதிய ஒர்க்‌ஷீட்டைத் திறந்துகொள்ளுங்கள். முதல் காலமான ஏ-யில் பெயர்களையும், இரண்டாவது காலமான பி-யில் எண்களையும் டைப் செய்யுங்கள். எண்களுக்கு நடுவில் கமா போட வேண்டாம்.

பி1: குளத்தின் நீளம், அடி - 30
பி2: அகலம், அடி - 15
பி3: சராசரி ஆழம், அடி - 5
பி4: தண்ணீரின் இப்போதைய வெப்பம், பாரன்ஹீட் - 60
பி5: வேண்டிய வெப்பம் - 80
பி6: நீந்தும் மாதங்களில் மிகக் குளிரான மாதத்தின் சராசரிக் காற்று வெப்பம் - 55
பி7: ஹீட்டரின் இன்புட், மணிக்கு பிடியூ - 250000
பி8: திறன் - 0.82
பி9: ஒரு தெர்ம் எரிவாயுவின் விலை, டாலர் - 1.50

ஆழம் ஒரு முனையில் மூன்றரை அடி, மறு முனையில் ஆறரை அடி என்றால் சராசரி 5. தெர்ம் என்பது 1,00,000 பிடியூ. அங்கே எரிவாயு பில் இந்த அளவில் வருவதும் உண்டு. 1.50 என்பது எடுத்துக்காட்டுக்குப் போட்ட விலை. சொந்த பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்து பார்முலாக்கள். ஒவ்வொன்றும் சமக் குறியில் தொடங்க வேண்டும். இங்கே பி1 என்று அச்சிட்டிருப்பதை நீங்கள் கீபோர்டில் ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள்.

பி10: பரப்பளவு
=பி1*பி2
பி11: தண்ணீர், காலனில்
=பி10*பி3*7.48
பி12: தேவையான வெப்பம், பிடியூ
=பி11*8.34*(பி5-பி4)
பி13: ஹீட்டரின் அவுட்புட்
=பி7*பி8
பி14: சூடாக ஆகும் நேரம், மணி
=பி12/பி13
பி15: எரியும் எரிவாயு, தெர்ம்
=பி12/பி8/100000
பி16: செலவு, டாலர்
=பி15*பி9
பி17: குறைந்தபட்ச அவுட்புட்
=பி10*(பி5-பி6)*12

7.48 என்பது ஒரு கன அடியில் அடங்கும் அமெரிக்க காலன். 8.34 என்பது ஒரு காலன் தண்ணீரின் எடை, பவுண்டில். கடைசி பார்முலா அமெரிக்க எரிசக்தித் துறை தரும் சூத்திரம். குளம் வெப்பத்தை இழப்பது பெரும்பாலும் மேற்பரப்பு வழியாக என்பதால் அதில் ஆழம் வரவில்லை.

சரியாகச் செய்திருந்தால் பி11-ல் 16,830 காலன், பி12-ல் 28,07,244 பிடியூ, பி14-ல் சுமார் 13.7 மணி, பி15-ல் சுமார் 34.2 தெர்ம், பி16-ல் சுமார் 51.35 டாலர், பி17-ல் 1,35,000 என்று வரும். 34 தெர்ம் என்றால் எவ்வளவு? நம் வீட்டு 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் ஐந்துக்கும் மேல் தீர்ந்துபோகும்.

மூன்று ஹீட்டர்களை ஒப்பிடுவோம்

பி1 முதல் பி17 வரை மவுஸால் செலக்ட் செய்து, கண்ட்ரோல் கீயுடன் சி கீயை அழுத்துங்கள். பிறகு சி1 செல்லில் கிளிக் செய்து கண்ட்ரோலுடன் வி. அடுத்து டி1 செல்லில் கிளிக் செய்து மீண்டும் கண்ட்ரோலுடன் வி. இப்போது சி10 செல்லைக் கிளிக் செய்து மேலே உள்ள பார்முலா பாரைப் பாருங்கள். பி1*பி2 என்று இருந்தது தானாகவே சி1*சி2 என்று மாறியிருக்கும். பார்முலாவைக் காப்பி செய்யும்போது செல் பெயர்களும் கூடவே நகர்கின்றன. இதற்கு ரிலேட்டிவ் ரெபரன்ஸ் என்று பெயர்.

இனி சி7-ல் 200000 என்றும் டி7-ல் 400000 என்றும் மாற்றுங்கள். நேரம் 200000-க்கு 17.1 மணி, 400000-க்கு 8.6 மணி என்று மாறும். அப்படியே 15-வது, 16-வது வரிசைகளைப் பாருங்கள். மூன்று காலத்திலும் அதே 34.2 தெர்ம், அதே 51.35 டாலர்!

அண்ணனுக்கு நான் காட்ட விரும்பியது இதைத்தான். பெரிய ஹீட்டர் எரிவாயுவை மிச்சப்படுத்தாது, கூடுதலாகவும் எரிக்காது. நேரத்தை மட்டும் குறைக்கும். நிஜத்தில் சூடாகும் நேரத்திலும் குளம் கொஞ்சம் வெப்பத்தை இழக்கும். அதனால் மணிக்கணக்கும் எரிவாயுவும் சற்றுக் கூடும். மெதுவான ஹீட்டருக்கு இது இன்னும் கொஞ்சம் அதிகம். ஆனால் அடிப்படைக் கணக்கு மாறாது.

அண்ணன் வெள்ளி மாலை 6 மணிக்கு ஹீட்டரைப் போடுவார். 2,50,000 என்றால் சனி காலை எட்டு மணிவாக்கில் குளம் தயார். 4,00,000 என்றால் அதிகாலை இரண்டரை மணிக்கே தயார். அந்த நேரத்தில் யார் நீந்தப்போகிறார்கள்? அதற்காக மிகச் சிறியதையும் வாங்கிவிடக் கூடாது. 1,50,000 ஹீட்டரின் அவுட்புட் 1,23,000தான். பி17-ல் உள்ள 1,35,000-ஐ அது எட்டவில்லை. குளிர் மாதத்தில் அது திணறும்.

குளத்தோடு வெந்நீர்த் தொட்டியும், அதாவது ஸ்பாவும் இருந்தால் கதை வேறு. 400 காலன் ஸ்பாவை 80-லிருந்து 102 டிகிரிக்குக் கொண்டுவர 73,392 பிடியூ வேண்டும். சிறிய ஹீட்டருக்கு இது 27 நிமிடம், பெரியதற்கு 13 நிமிடம். நினைத்தவுடன் ஸ்பாவில் இறங்க விரும்புகிறவர்களுக்குப் பெரிய ஹீட்டர் பயன்படும்.

கோல் சீக் வசதி

"சரியாக 12 மணி நேரத்தில் சூடாக வேண்டும், எந்த அளவு ஹீட்டர் தேவை?" என்று தலைகீழாகவும் கேட்கலாம். டேட்டா மெனுவில் வாட் இப் அனாலிசிஸ், அதில் கோல் சீக் தேர்ந்தெடுங்கள். கால்க்கில் இது டூல்ஸ் மெனுவில் இருக்கும். தோன்றும் பெட்டியில் முதலில் பி14, அடுத்து 12, மூன்றாவதாக பி7 என்று கொடுத்து ஓகே செய்யுங்கள். பி7-ல் சுமார் 2,85,000 என்று வரும். அதற்கு அடுத்த பெரிய அளவைக் கடையில் கேட்கலாம். பழைய எண் திரும்ப வேண்டுமானால் கண்ட்ரோலுடன் இசட் அழுத்துங்கள்.

பணம் எங்கே போகிறது?

அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி குளம் இழக்கும் வெப்பத்தில் சுமார் 70 சதவீதம் தண்ணீர் ஆவியாவதால் போகிறது. ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு பிடியூ போதும். அதே ஒரு பவுண்டு ஆவியாகும்போது 1,048 பிடியூ வெளியேறிவிடும். இந்தக் குளத்தில் ஒரு நாளில் கால் அங்குலம் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 585 பவுண்டு. அந்த வெப்பம் முழுவதையும் ஹீட்டரே ஈடுகட்டினால் ஏழரை தெர்ம், ஏறக்குறைய 11 டாலர் செலவு. தினமும் சூடாகவே வைத்திருந்தால் மாதம் 330 டாலரைத் தாண்டும். வெயில் இதில் ஒரு பங்கைத் தரும் என்றாலும் சுமை சிறியதல்ல.

குளத்தின் மேல் விரிக்கும் மூடி இந்தச் செலவில் 50 முதல் 70 சதவீதம் வரை மிச்சப்படுத்தும் என்று அதே துறை சொல்கிறது. எனவே பெரிய ஹீட்டருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் மூடி வாங்குவதே லாபம். எப்போதாவது நீந்தும் வீட்டுக்கு எரிவாயு ஹீட்டர் பொருத்தமானது. நாள்தோறும் நீந்துகிறவர்கள் ஹீட் பம்ப், சூரிய ஹீட்டர் இரண்டையும் விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம்.

எக்செல் சொல்லாத விஷயம்

4,00,000 பிடியூ ஹீட்டர் மணிக்குச் சுமார் 400 கன அடி எரிவாயு கேட்கும். வீட்டின் மீட்டரும் குழாயும் அதைத் தருமா என்று எரிவாயு நிறுவனத்திடம் முதலிலேயே கேட்க வேண்டும்.

அதைவிட முக்கியம் புகைப்போக்கி. 1977-ல் ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் பட்டம் வென்ற விட்டாஸ் கெருலைட்டிஸ், 1994 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தில் நண்பர் ஒருவரின் விருந்தினர் இல்லத்தில் தங்கியிருந்தபோது இறந்தார். சரியாகப் பொருத்தப்படாத நீச்சல்குள ஹீட்டரிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு அறைக்குள் புகுந்ததே காரணம். அவருக்கு வயது 40. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உரிமம் பெற்றவரைக் கொண்டே ஹீட்டரைப் பொருத்த வேண்டும். ஜன்னல், கதவு, ஏசி காற்று உள்ளே நுழையும் வழி ஆகியவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும்.

உங்களுக்கு ஒரு பயிற்சி

உங்கள் வீட்டு கீஸருக்கு இதே போல ஒரு ஒர்க்‌ஷீட் போட்டுப் பாருங்கள். 25 லிட்டர், 25-லிருந்து 60 டிகிரி செல்சியஸ், 2 கிலோவாட். லிட்டரை வெப்ப உயர்வால் பெருக்கி, அதை 4.186 ஆல் பெருக்கி, கிலோவாட்டால் வகுத்து, 60 ஆல் வகுத்தால் நிமிடக் கணக்கு கிடைக்கும். விடை சுமார் 30 என்று வர வேண்டும். வந்ததும் 60 டிகிரியை 45 ஆக்கிப் பாருங்கள். கரண்ட் பில்லைக் குறைக்க ஒரு வழி தெரியும்.