டிஸ்க் பிரேக் கீச்சிடுகிறதா?

மழையில் நனைந்த வண்டியோ, வாட்டர் சர்வீஸ் விட்ட வண்டியோ மறுநாள் காலை முதல் நாலைந்து பிரேக்குக்குக் கீச்சென்று கத்தினால் கவலை வேண்டாம். டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு தேய்ந்ததும் அடங்கிவிடும்.

சத்தம் நிற்கவில்லை என்றால் முதலில் பேடைப் பாருங்கள். தேய்மானக் கோடு மறைந்திருந்தால் மாற்றுவதுதான் வழி. கரகரவென்று இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பேட் தடிமனாக இருந்தும் கத்துகிறதா? எண்ணெய் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். செயினுக்கு அடிக்கும் ஸ்பிரே பின் டிஸ்க்கில் தெறிக்கும். சர்வீஸ் முடிந்ததும் பளபளப்புக்காக அடிக்கும் டீசலும் அப்படியே. பிரேக் கிளீனர் நனைத்த சுத்தமான துணியால் டிஸ்க்கைத் துடையுங்கள். எண்ணெய் குடித்த பேடைக் காப்பாற்ற முயல்வது வீண், புதிது போடுங்கள். முகம் பளபளத்துக் கெட்டிப்பட்ட பேடை மட்டும் 120 எண் உப்புத்தாளில் லேசாகத் தேய்க்கலாம். மூக்கை மூடிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

காலிப்பர் பின்கள் இறுகியிருந்தாலும் இதே சத்தம்தான். துடைத்து, சிலிகான் கிரீஸ் தடவுங்கள். பேடின் முகத்தில் ஒரு பொட்டுகூடப் படக்கூடாது. சத்தம் போக டிஸ்க்கில் எண்ணெய் விடலாம் என்று யோசனை சொல்பவரிடம் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள். சத்தத்தோடு பிரேக்கும் போய்விடும்.

எல்லாம் பூட்டிய பிறகு, வண்டி நிற்கும்போதே லீவர் கெட்டிப்படும்வரை பலமுறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.