பாட்டில் பாதகன், திரையில் மனிதன்

ஒருவர் மீது ஊரார் சுமத்திய பழிச்சொல் எத்தனை காலம் நிலைக்கும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? காட்டிக்கொடுப்பவனை நாம் "எட்டப்பன்" என்கிறோம். அது எட்டயபுரம் பாளையக்காரர்களின் குடிப்பெயர். 1799-இல் அப்பாளையம் கட்டபொம்மனுக்கு எதிராகக் கும்பினியார் பக்கம் நின்றது உண்மையே. ஆயினும் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். பழிச்சொல்லோ எட்டப்பனுக்கே நிலைத்துவிட்டது!

அச்சன்புதூரிலிருந்து மேற்கே தெரியும் மலைத்தொடருக்கு அப்பாலுள்ள கேரளத்திலும் இத்தகைய சொல் ஒன்று உண்டு. நம்பியவரை வஞ்சிப்பவனை அங்கே "சதியன் சந்து" என்பார்கள். அந்தச் சந்துவின் பழங்கதையை ஒரு திரைப்படம் எவ்வாறு புதிதாய்ச் சொன்னது என்பதையும், அதிலிருந்து நாம் கற்கவேண்டியதையும் இங்கே காண்போம்.

பாட்டு சொல்லும் கதை

வடமலபாரில் நாற்று நடும் பெண்களும் பாணர்களும் வாய்மொழியாகப் பாடிவந்தவை வடக்கன் பாட்டுகள். புத்தூரம் வீட்டு வீரர்களின் கதைகள் ஒரு தொகுதி. தச்சோளி வீட்டுக் கதைகள் மற்றொரு தொகுதி.

அக்காலத்தில் பெரிய குடும்பத்தார் இருவருக்குள் வழக்கு முற்றினால், ஆளுக்கொரு சேகவரைப் பொருள் கொடுத்து அமர்த்துவார்கள். சேகவர் என்போர் வாட்போர் பயின்ற வீரர். அவ்விருவரும் அங்கத்தட்டு என்னும் மேடையில் பொருதுவர். வென்றவர் பக்கமே நியாயம் என்று தீர்ப்பாகும். குருங்காட்டிடம் என்னும் குடும்பத்து வழக்கில் ஒரு பக்கத்துக்குப் புத்தூரம் வீட்டு ஆரோமல் சேகவரும், மறுபக்கத்துக்கு அரிங்கோடரும் நின்றனர்.

ஆரோமலுக்குத் துணையாகச் சென்றவன் மைத்துனன் சந்து. ஆரோமலின் தங்கை உண்ணியார்ச்சாவை மணக்க விரும்பி, அது கைகூடாமல் போனவன் அவன். அரிங்கோடரின் ஆசைவார்த்தைக்கு மயங்கிய சந்து, கொல்லனுக்குக் கைக்கூலி கொடுத்து, வாளின் இரும்பாணியை எடுத்துவிட்டு மூங்கிலாணி வைக்கச் செய்தான் என்கிறது பாட்டு. போரில் வாள் முறிந்தது. ஆயினும் ஆரோமல் முறிந்த வாளாலேயே அரிங்கோடரை வீழ்த்தினான். களைத்துச் சந்துவின் மடியில் தலைசாய்த்தபோது சந்து குத்துவிளக்கால் அவனைக் குத்தினான். பின்னர் உண்ணியார்ச்சாவின் மகன் ஆரோமலுண்ணி வளர்ந்து பழி தீர்த்தான்.

திரை சொல்லும் கதை

இக்கதைகளைக் கேரளத்தார் பன்முறை படமாக்கினர். 1961-இல் "உண்ணியார்ச்சா", 1964-இல் "தச்சோளி ஒதேனன்" ஆகியவை வெளிவந்தன. அவை பாட்டின் வழியே நடந்தவை. 1989-இல் எம்.டி. வாசுதேவன் நாயர் எழுத, ஹரிஹரன் இயக்க, "ஒரு வடக்கன் வீரகாதா" வந்தது. அது பாட்டையே கூண்டில் ஏற்றி விசாரித்தது!

அதன் முறை என்ன? நிகழ்ச்சிகளை அது மாற்றவில்லை, காரணங்களை மாற்றியது. வாள் முறிந்தது உண்மை. ஆனால் ஆணி மாற்றப்பட்டது சந்து அறியாமல் நடந்தது. ஆரோமல் விளக்கால் காயமுற்றது உண்மை. ஆனால் அது ஆரோமலே சினந்து பாய்ந்தபோது தற்செயலாக நேர்ந்தது. உடனிருந்தவன் சந்து ஒருவனே. அவன் சொல்லை எவர் நம்புவார்? தாய் தந்தையை இழந்து மாமன் வீட்டில் ஒண்டி வளர்ந்த பிள்ளை அவன். வீட்டுப் பிள்ளையின் பேச்சு அரங்கேறும். அண்டி வாழ்பவன் பேச்சு எங்கே ஏறும்?

படத்தின் சண்டைகளும் இம்முறையிலேயே அமைந்தன. ஒருவன் நூறு பேரைச் சாய்க்கும் மாயம் அதில் இல்லை. களரிப்பயிற்றின் அடவுகளே உள்ளன. களரி என்பது தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய பயிற்சிக்கூடம். 42 அடி நீளமும் 21 அடி அகலமும் மரபான அளவு. மெய்ப்பயிற்சி, கோல், பின்பு வாளும் பரிசையும் எனப் படிப்படியாகவே அங்கே கற்பிப்பர். வீரம் என்பது பல்லாண்டு உழைப்பு என்பதைப் படம் பார்ப்பவர் உணர்கின்றனர். கலை அமைப்புக்கும் உடையமைப்புக்கும் தேசிய விருது பெற்றவர் தமிழரான பி. கிருஷ்ணமூர்த்தி என்பது நமக்குப் பெருமை. திரைக்கதைக்கு எம்.டி.யும், இப்படத்துக்கும் "மதிலுகள்" படத்துக்குமாக நடிப்புக்கு மம்மூட்டியும் தேசிய விருது பெற்றனர்.

தராசின் மறுதட்டு

இங்கே மாணவியராகிய நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பாட்டில் உண்ணியார்ச்சா யார்? கணவன் குஞ்ஞிராமனோடு கூத்துப் பார்க்கச் செல்லும் வழியில் முரடர் மறித்தபோது, கணவன் நடுங்கி நிற்க, உறுமி என்னும் சுருள்வாளைச் சுழற்றி அவர்களை அடக்கியவள். வயலில் நின்று பாடிய பெண்கள் போற்றி வளர்த்த வீராங்கனை! படத்திலோ அவள் ஆசை காட்டிப் பின் கைவிடும் பெண்ணாகச் சிறுத்துப் போகிறாள். சந்துவின் பழியைத் துடைத்த துணி உண்ணியார்ச்சாவின் மீது விழுந்துவிட்டது. ஒருவருக்கு நீதி வழங்க இன்னொருவரை மாசுபடுத்தலாமா? நடப்பியல் என்ற பெயரால் இக்கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

இதற்கு ஒப்பான ஒன்று நம் திருச்சபை வரலாற்றிலும் உண்டு. புனித மகதலா மரியாவைப் பாவியான பெண் என்றே பல நூற்றாண்டுகள் பேசினர். நற்செய்தி நூல்கள் எங்கும் அவ்வாறு கூறவில்லை. 591-இல் திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஆற்றிய மறையுரையில் வெவ்வேறு பெண்கள் ஒருவராக இணைக்கப்பட்டனர். ஓவியமும் கதையும் அதை வளர்த்தன. 1969-இல் வழிபாட்டு நாட்காட்டி திருத்தப்பட்டபோது அக்குழப்பம் நீக்கப்பட்டது. 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஜூலை 22-ஆம் நாளை அவருக்குரிய விழாவாக உயர்த்தினார். உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு திருத்தூதருக்கே செய்தி சொன்னவருக்கு, உரிய பெயர் திரும்ப 1378 ஆண்டுகள் ஆயின!

நாம் கேட்கவேண்டிய கேள்விகள்

பழங்கதையைப் படிக்கும்போதும் படமாகப் பார்க்கும்போதும் நாம் மூன்று கேள்விகள் கேட்போம். இதை யார் சொல்கிறார்? பழி சுமந்தவரின் வாய்ச்சொல் இதில் உண்டா? ஒருவரை உயர்த்தும்போது யார் தாழ்த்தப்படுகிறார்?

இக்கேள்விகள் திரைக்கு மட்டும் உரியவை அல்ல. வகுப்பில் ஒரு பென்சில் காணாமற்போனாலும், விடுதியில் ஒருத்தியைப் பற்றி ஒரு பேச்சு எழுந்தாலும், தெருக்குழாயடியில் ஒரு பெண்ணின் பெயர் அடிபட்டாலும் இவையே உரைகல். பொய்ச்சாட்சியை விலக்கும் எட்டாவது கட்டளை நீதிமன்றத்துக்கு மட்டும் எழுதப்பட்டதன்று.

வீட்டில் பாட்டியிடமோ அத்தையிடமோ நம் ஊர்ப்பக்கத்துக் கதை ஒன்றைக் கேளுங்கள். அதே கதையை இன்னொருவரிடமும் கேளுங்கள். இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில்தான், இதுவரை எவரும் செவிகொடாத ஒருவர் பேசக் காத்திருப்பார்.