கேட்பார் உள்ள விதி: எரிவாயுக் குழாய்ப் பாதுகாப்பு குறித்து ஒரு கடிதம்

அன்புள்ள இளைய வாசகருக்கு,

திண்டுக்கல் வீடுகளுக்குச் சமையல் எரிவாயு என்றாலே சிலிண்டர்தான் நினைவுக்கு வரும். ஆனால் நாட்டைப் புவியியல் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கொரு நிறுவனத்துக்கு அனுமதி வழங்கி, இயற்கை எரிவாயுவைக் குழாய் வழியே வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் கொண்டுசெல்லும் திட்டத்துக்குள் தமிழகத்தின் மாவட்டங்கள் எல்லாம் வந்துவிட்டன. குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் தொலைபேசி வடத்துக்கும் மாறி மாறித் தோண்டப்படும் தெருக்களில் எரிவாயுக் குழாயும் இடம்பிடிக்கும் காலத்தில்தான் இன்றைய மாணவர்கள் வளர்ந்து ஆளாவார்கள். அந்தக் குழாயைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் விதிகள் எவை, அவற்றை மீறுவோரைக் கேட்பவர் யார் என்பதை விளக்குவதே இக்கடிதத்தின் நோக்கம்.

முதலில் பொருளின் இயல்பு. இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். அது காற்றைவிட எடை குறைந்ததாகையால் கசிந்தால் மேலே எழுந்து கூரையை ஒட்டித் தங்கும், சிலிண்டரில் வரும் புரொப்பேன்–பியூட்டேன் கலவையோ காற்றைவிட எடை கூடியதாகையால் தரையை ஒட்டிப் பரவும். காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் கலந்திருக்கும் நிலையில் ஒரு சிறு பொறி போதும், தீப்பற்றிவிடும். மீத்தேனுக்கு இயற்கையில் மணம் கிடையாது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், கசிந்த வாயு யாருக்கும் தெரியாமல் தரைத்தளத்தின் அடியில் சேர்ந்து வெடித்து, ஏறத்தாழ 300 மாணவர்களும் ஆசிரியர்களும் உயிரிழந்த பிறகே, வாயுவில் நாற்றமூட்டும் வேதிப்பொருளைக் கலப்பது கட்டாயமாயிற்று. எரிவாயு கசியும்போது மூக்கைத் துளைக்கும் அந்த வாடை மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தின் வாடை. தீப்பற்றும் குறைந்தபட்ச அளவில் ஐந்தில் ஒரு பங்கு வாயு காற்றில் கலந்தபோதே மூக்கு அதை உணர வேண்டும் என்பது விதி.

இந்த வாயு ஊருக்குள் வரும் வழியில் அதன் அழுத்தம் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. நெடுந்தூர எஃகுக் குழாயிலிருந்து நகர வாயில் நிலையத்தில் பிரியும் வாயு, நகரைச் சுற்றிய எஃகுக் குழாயில் ஓடி, அங்கங்குள்ள அழுத்தக் குறைப்பு நிலையங்களைக் கடந்து, 4 பார் அளவுக்கு மேற்படாத அழுத்தத்தில் பாலிஎதிலீன் குழாய்களுக்குள் நுழைகிறது. அடுப்பங்கரைச் சுவரிலுள்ள மீட்டரை அடையும்போது அது வெறும் 21 மில்லிபார். நெடுந்தூரக் குழாய் கடக்கும் இடத்தில் குடியிருப்பு எவ்வளவு அடர்த்தியோ அதற்கேற்ப அந்தக் குழாய் தாங்க வேண்டிய சுமையும் வரையறுக்கப்படுகிறது: ஆளரவமற்ற வெளியில் எஃகின் தாங்குதிறனில் 72 சதவீதம் வரை பயன்படுத்தலாம், அடுக்குமாடிகள் நெருங்கிய நகரில் 40 சதவீதத்துக்கு மேல் கூடாது. குழாய் பதித்தபோது வயலாக இருந்த இடம் பிறகு மனைப்பிரிவாக மாறினால் கணக்கும் மாற வேண்டும் என்பதால், ஒருமுறை சரிபார்த்துச் சான்றிதழ் வாங்கியதோடு இந்த வேலை முடிவதில்லை.

இவற்றை வகுப்பதும் மீறினால் கேட்பதும் யார்? 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம், குழாய்களுக்கான தொழில்நுட்பத் தரங்களையும் பாதுகாப்புத் தரங்களையும் ஒழுங்குவிதிகளாக வெளியிடுகிறது. தன் ஆணையை மீறும் நிறுவனத்துக்கு ஒவ்வொரு மீறலுக்கும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும், மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10 லட்சம் ரூபாய் வரை கூடுதல் அபராதமும் விதிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் 1986 முதல் இயங்கும் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககமும், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பும் தத்தம் எல்லைக்குள் தரம் வகுக்கின்றன, சோதிக்கின்றன. ஆக, விதிகளுக்குப் பஞ்சமில்லை.

விதி இருந்தும் விபத்து நேர்வது எப்படி என்பதற்கு ஆந்திரத்தின் நகரம் என்ற சிற்றூரே சான்று. 2014 ஜூன் 27 அதிகாலையில், அன்று கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் இருந்த அந்த ஊரில், பொதுத்துறை நிறுவனமான கெயிலின் 18 அங்குலக் குழாய் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஈரமில்லாத வாயுவுக்கென அமைந்த குழாயில் நீர் கலந்த வாயு அனுப்பப்பட்டதும், நீரைப் பிரித்தெடுக்கும் அமைப்பு நிறுவப்படாமல் இருந்ததும், தேங்கிய நீர் உட்சுவரை அரித்துத் தின்றதும் விசாரணையில் வெளிவந்தன. அதற்கு முந்தைய ஆண்டுதான் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் விவசாயிகள், அதே நிறுவனத்தின் கொச்சி–பெங்களூரு குழாயை விளைநிலத்தில் பதிக்காமல் நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுசெல்லக் கோரிப் போராடியிருந்தனர். 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் குழாய்க்கு அனுமதி அளித்ததால் வழக்கு முடிந்தது, அச்சம் முடியவில்லை. குழாயின் உரிமையாளரும் அரசு, சோதிக்கும் இயக்ககம் சார்ந்திருக்கும் அமைச்சகமும் அரசு என்ற நிலையில், சோதிப்பவர் கறாராக இருப்பார் என்ற நம்பிக்கை மக்களுக்கு எளிதில் வராது.

தனியார் நிறுவனமாக இருந்தால் இந்தச் சிக்கல் தீரும் என்று கருதிவிடவும் முடியாது. கலிபோர்னியாவின் சான் புரூனோ நகரில் 2010 செப்டம்பர் 9 அன்று தனியார் நிறுவனம் ஒன்றின் குழாய் வெடித்து 8 பேர் இறந்தனர், 38 வீடுகள் அழிந்தன. 1956இல் பதிக்கப்பட்ட அந்தக் குழாயை, ஒட்டே இல்லாமல் உருவாக்கப்பட்ட குழாய் என்று நிறுவனத்தின் பதிவேடு காட்டியது. வெடித்த பிறகு ஆராய்ந்தபோதோ, துண்டுகளைக் குறைபாட்டோடு பற்றவைத்துச் சேர்த்த குழாயாக அது இருந்தது. வெடிக்கும் வரை அந்தப் பதிவேடே நம்பப்பட்டு வந்தது. விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நிறுவனத்தை மட்டும் குறைகூறாமல், மேற்பார்வையில் மெத்தனம் காட்டிய மாநில ஒழுங்குமுறை ஆணையத்தையும் சேர்த்தே குறைகூறியது. பின்னர் 2015இல் அதே ஆணையம் விதித்த தண்டத் தொகை 160 கோடி டாலர். குழாயைச் சோதிக்காமல் காகிதத்தை மட்டும் சோதிக்கும் ஆய்வால் பயனில்லை என்பதும், அபராதத்தின் பருமன் பிந்திய விழிப்பை ஈடுசெய்யாது என்பதும் இதனால் விளங்கும்.

இந்தப் பாடம் திண்டுக்கல்லுக்குப் புதிதும் அன்று. தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த காலத்தில் 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் நடைமுறையில்தான் இருந்தது, அதைச் செயல்படுத்த வாரியமும் இருந்தது. எனினும் 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அன்று திண்டுக்கல் அண்ணா என்று வழங்கிய மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்க வேண்டியதாயிற்று. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும், கேடு வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் அத்தீர்ப்பால் இந்தியச் சட்டத்தில் வேரூன்றின. கெட்ட கிணறு சில ஆண்டுகளில் தேறிவிடாது. வெடித்த குழாயோ ஒரு நிமிட அவகாசமும் தராது என்பதால், இரண்டாவது கோட்பாடே எரிவாயுவுக்கு முதன்மையானது.

வருமுன் தடுப்பதில் நகரத் தெருவில் மிக முக்கியமானது தோண்டும் வேலைக்கான ஒழுங்கு. எஃகு அரிக்கப்படும், பாலிஎதிலீன் அரிக்கப்படாது, ஆனால் பொக்லைன் இயந்திரத்தின் பல் ஒன்று பட்டால் கிழிந்துவிடும். குழாய்க்கு மேலே மண்ணில் எச்சரிக்கை நாடா விரிப்பதும், சாலையோரத்தில் தொலைபேசி எண்ணுடன் அடையாளக் கம்பம் நடுவதும் இதனால்தான். தோண்டுவதற்கு முன் அடியில் குழாயோ வடமோ வைத்திருப்போருக்குத் தகவல் அனுப்ப உதவும் ‘கால் பிஃபோர் யு டிக்’ என்ற கைபேசிச் செயலியை மத்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கியது. இருந்தும், பாறைப்பாங்கான நிலத்தில் மாநகராட்சி ஒப்பந்ததாரர் ஒருபுறமும் எரிவாயு ஒப்பந்ததாரர் மறுபுறமும் ஒருவரையொருவர் கேட்காமல் தோண்டினால் செயலியும் நாடாவும் உதவாது. சாலையை வெட்ட அனுமதி தரும் அலுவலகம், எரிவாயு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பார்க்காமல் அனுமதி தருவதில்லை என்ற வழக்கம் நிலைபெறுவது, கோடி ரூபாய் அபராத விதியைவிட அன்றாடத்தில் அதிகம் காக்கும்.

குடிமக்களின் கடமையும் இதில் உண்டு. வாடை வந்தால் மின்விசைப் பொத்தானைத் தொடாமல், தீக்குச்சி உரசாமல், வால்வை அடைத்து, சன்னல்களைத் திறந்து, வெளியே வந்த பிறகே தொலைபேசியில் அழைக்க வேண்டும். சிலிண்டர் கசிவுக்கு 1906 என்ற எண் உண்டு, குழாய் வாயுவுக்கு நிறுவனத்தின் அவசர எண் அடையாளக் கம்பத்தில் இருக்கும். அதற்கு அடுத்த கடமை கேள்வி கேட்பது. தங்கள் பகுதிக் குழாய்கள் கடைசியாக எப்போது தணிக்கை செய்யப்பட்டன, தணிக்கையில் கண்ட குறைகள் எவை, அவை எந்தத் தேதியில் சரிசெய்யப்பட்டன, கசிவுப் புகாருக்கு ஆள் வர எவ்வளவு நேரம் ஆயிற்று, குழாயில் இடையூறு செய்த ஒப்பந்ததாரர் மீது என்ன நடவடிக்கை என்ற ஐந்தையும், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒழுங்குமுறை வாரியத்திடமும் மாநகராட்சியிடமும், பொதுத்துறை நிறுவனமாயின் அதனிடமும், 10 ரூபாய்க் கட்டணத்தில் எந்தக் குடிமகனும் கேட்கலாம். இக்கேள்விகள் ஆண்டுதோறும் ஒவ்வொரு ஊரிலிருந்தும் போய்ச் சேர்ந்தால், பதில் எழுத வேண்டியவர் முதலில் தம் குழாயைப் போய்ப் பார்த்தாக வேண்டியிருக்கும்.

அன்புடன்,
ஒரு நலம்விரும்பி