கால் பருக்குமா? கேள்வி-பதில்

கேள்வி: இரண்டு மாதமாக ஜிம்மில் நிலைச் சைக்கிள் மிதிக்கிறேன். காற்சட்டை தொடையில் இறுகுகிறது. கல்யாணம் பேசுகிற வேளையில் கால் தடித்துவிடும், நிறுத்து என்கிறார் அம்மா. என்ன செய்வது?
- வாசகி, சுங்கை வே

பதில்: நிறுத்தவேண்டாம். சைக்கிள் மிதிக்கும் பெண்ணின் கால் விகாரமாகிவிடும் என்கிற அபிப்பிராயம் நம் குடும்பங்களில் எத்தனை யுவதிகளைத் தேகாப்பியாசத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது என்பதை, பிற்பாடு முழங்கால் வலியோடும் நீரிழிவோடும் அவர்கள் சிகிச்சைக்கு வரும்போது பார்க்கிறவன் நான். ஆகையால் சற்று விரிவாகவே சொல்லுகிறேன்.

தசை பெருகுவதற்கு, அது சோர்ந்து போகும்வரை பாரத்தை எதிர்க்கவேண்டும், அந்தப் பாரத்தையும் கிரமமாகக் கூட்டிக்கொண்டே போகவேண்டும், ஆகாரமும் அதற்கேற்றபடி மிகவேண்டும். நிமிஷத்துக்கு எண்பது, தொண்ணூறு சுற்று மிதிக்கும் வகுப்பில் ஒவ்வொரு மிதிக்கும் விழும் பாரம் சொற்பமே. அங்கே பிரதானமாக விருத்தியாவது தசையின் பருமனன்று, களைக்காமல் உழைக்கும் சக்தி. புதிதாகத் தொடங்குவோருக்குத் தொடையின் முன்தசை சிறிது திரள்வது உண்மைதான். பெரும்பாலும் அது சில மாதங்களில் ஓர் அளவோடு நின்றுவிடும். மிதித்து இறங்கியதும் தெரிகிற இறுக்கம் தசைக்குள் பாய்ந்த இரத்தத்தால் வருவது; சில மணி நேரத்தில் வடிந்துவிடும். எந்நேரமும் இறுக்கமாயிருந்தால், வகுப்பு முடிந்து உண்ணும் ரொட்டி சானாயையும் தே தாரிக்கையும் முதலில் கணக்குப் பாருங்கள்.

2017-இல் ஹாங்காங்கில் கெய்ரின் சைக்கிள் பந்தயத்தில் உலக வெற்றியாளரான நம் அசிசுல்ஹஸ்னி அவாங்கின் தொடைகளைப் பார்த்து அஞ்சுவோர், அத்தகைய வேக வீரர்கள் பளு தூக்கும் கூடத்தில் ஆண்டுக்கணக்காகப் பாடுபட்டே அவற்றைப் பெறுகிறார்கள் என்பதை அறியவேண்டும். டூர் டி பிரான்ஸை நான்கு முறை வென்ற கிறிஸ் ஃப்ரூமோ, மணிக்கணக்காக மிதித்தும் மெலிந்த கால்களே உடையவர்.

2019-இன் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியரில் வயது வந்தோருள் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு நீரிழிவு. உழைக்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சரீரத்திலேயே பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும்தான் உள்ளன. பெண்ணின் தொடையில் தசை கூடுவதைத் தாய்மார்கள் குறையாக எண்ணாதிருக்கவேண்டுமென்று கைகூப்பிக் கேட்டுக்கொள்ளுகிறேன்.

கேள்வி: தொடைக் கொழுப்பு மட்டும் கரைய எந்த வேகத்தில் மிதிக்கவேண்டும்?
- வாசகர், பெட்டாலிங் ஜெயா

பதில்: அப்படியொரு வேகம் கிடையாது. கொழுப்பு எங்கிருந்து கரையவேண்டுமென்று நாம் உத்தரவிட இயலாது.

கேள்வி: மிதிக்கும்போது முழங்காலின் முன்புறம் வலிக்கிறது.
- வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: இருக்கையைத் தாழ்த்தி வைத்திருக்கிறீர்கள், எப்போதும் இதே பிழைதான்! மிதி அடிமட்டத்துக்கு வரும்போது முழங்கால் இலேசாக மட்டுமே மடிந்திருக்கவேண்டும். இருக்கையைச் சரிசெய்து, பாரத்தையும் குறையுங்கள். இரண்டு வாரத்தில் தணியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: முதல் வகுப்புக்கு மறுநாள் தொடை வீங்கிக் கடுமையாக வலித்தது, சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போகிறது. வெந்நீர் ஒத்தடம் போதுமா?
- வாசகர், கிள்ளான்

பதில்: போதாது. உங்களுக்குத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். மற்றவர்களும் அறியும்பொருட்டு இங்கே எழுதுகிறேன். பழக்கமில்லாத தசையை ஒரே நாளில் அளவுமீறி வருத்தினால், அது சிதைந்து, அதன் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். பயப்படாமல், ஆனால் ஒரு நாளும் தாமதியாமல், அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். புதிதாகச் சேருவோர் முதல் வகுப்பில் பாதி நேரத்திலேயே இறங்கிவிடுங்கள். பயிற்றுநர் எவ்வளவு உற்சாகப்படுத்தினாலும் கேளாதீர்கள்.