சொட்டு ஆயில்தானே என்று விடலாமா?



நம் குழு ஒன்றில் கடன் எடுத்து, பழைய பிக்கப் வண்டி வாங்கி, உழவர் சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிறார்கள். வண்டி நிற்கும் இடத்தில் தினமும் கறுப்பாக ஆயில் சொட்டியது. "சொட்டுதானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மூன்று மாதம் ஓடிவிட்டது. ஒரு நாள் விடியற்காலை, நடுவழியில் ஆயில் லைட் எரிந்தது. டிரைவர் தம்பி உடனே இன்ஜினை நிறுத்தியதால் தப்பித்தார்கள். அப்படியே ஓட்டியிருந்தால் இன்ஜின் இறுகிப் போயிருக்கும். கடன் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

எங்கே ஒழுகுகிறது?

இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டிதான் ஆயில் சேம்பர். இரண்டுக்கும் நடுவே ஒரு பேக்கிங் உண்டு, நம்ம குக்கர் மூடி கேஸ்கட் மாதிரி. சூட்டில் நாளடைவில் அது காய்ந்து வெடித்துவிடும். ஆனால் மேலே டேப்பட் கவரில் கசிந்தாலும் ஆயில் வழிந்து கீழேதான் வரும். அதனால் இன்ஜினை நன்றாகத் துடைத்து, சிறிது நேரம் ஓடவிட்டு, நிறுத்திய பின் ஈரம் எங்கே தொடங்குகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை:

1. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை, அடியில் ஸ்டாண்டு அவசியம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது.

2. பழைய ஆயிலை வடித்த பிறகே சேம்பரைக் கழற்ற வேண்டும். சில வண்டிகளில் இன்ஜினைச் சற்றுத் தூக்க வேண்டியிருக்கும். அதனால்தான் பேக்கிங் விலையைவிடக் கூலி அதிகம்.

3. ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கை முழுவதும் சுரண்டி, ஆயில் பசை இல்லாமல் துடைக்க வேண்டும். போல்ட் ஓட்டையைச் சுற்றித் தகடு வளைந்திருந்தால் தட்டி நிமிர்த்த வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பேக்கிங்கும் ஒழுகும்.

4. போல்ட்டுகளை நடுவிலிருந்து இரு பக்கமும் மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் பேக்கிங் பிதுங்கிக் கிழிந்துவிடும்.

5. புது ஆயில் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டுக் கசிவு பாருங்கள். நிறுத்திச் சில நிமிடம் கழித்து, கேஜ் கம்பியில் அளவு பாருங்கள்.

வடித்த ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்ட விடாதீர்கள். மண்ணும் தண்ணீரும் கெட்டுப்போகும்.

"வண்டி சமாச்சாரம் நமக்கென்ன தெரியும்" என்று ஒதுங்க வேண்டாம். "அண்ணே, கழற்றின பேக்கிங்கைக் காட்டுங்க" என்று கேளுங்கள். கொடுப்பது நம் சேமிப்புப் பணம் அல்லவா?

கூட்டத்தில் பேசுங்கள்: உங்கள் குழு வண்டியில் வாரம் ஒருமுறை கேஜ் கம்பி பார்த்து நோட்டில் எழுதும் பொறுப்பு யாருக்கு?