விறாந்தையை அடைப்பதா, திறந்தே விடுவதா?

திருகோணமலை நகரிலிருந்து உப்புவெளி, அலஸ்தோட்டம் கடந்து நிலாவெளி வீதியில் வந்தால், சாம்பல்தீவில் வீடுகளை இரண்டாகப் பிரிக்கலாம். வீதிக்குக் கடற்பக்கம் இருப்பவை, உட்பக்கம் இருப்பவை. பெரும்பாலான வீடுகளின் முன் விறாந்தை வீதியைப் பார்த்தே இருக்கும். அதனால் கடற்பக்கத்து வீட்டு விறாந்தை மேற்கைப் பார்க்கிறது. வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்றும் பின்னேர வெயிலும் நேரே உள்ளே வருகின்றன. எதிர்வரிசை வீட்டு விறாந்தை கடலைப் பார்க்கிறது; அங்கே ஆண்டின் பெரும்பகுதி சுகம், ஆனால் ஐப்பசி பிறந்து வாடை தொடங்கிவிட்டால் மழைச் சாரல் படுக்கையறைக் கதவு வரை நனைக்கும். ஒரே வீதி, ஒரே ஊர், ஆனால் இரண்டு விறாந்தைகளுக்கும் நோய் வேறு. நான் பார்த்தவரை மருந்து மட்டும் ஒன்றாகவே எழுதப்படுகிறது: சுற்றிவர அலுமினியம் கண்ணாடி.

அடைப்பதா என்ற கேள்விக்கு முதல், எதை வெளியே நிறுத்தப் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மழையா, வெயிலா, நுளம்பா, கள்ளனா, தெருநாயா, மணலா? அல்லது உண்மையில் வேண்டியது ஒரு மேலதிக அறையா? 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகளில் பலவற்றின் அளவு 500 சதுர அடியைச் சுற்றித்தான். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட அந்த வீடுகளில் விறாந்தையை அடைப்பது என்றால் அறை கட்டுவது என்றே பொருள். அவர்களுக்கான கணக்கு வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

செலவைச் சொல்ல ஒரு மாதிரி விறாந்தையை எடுத்துக்கொள்கிறேன். நீளம் 20 அடி, அகலம் 8 அடி, உயரம் 8 அடி, மூன்று பக்கம் திறந்தது. பலரும் இதை 160 சதுர அடி வேலை என்று நினைத்துப் பணத்தை ஒதுக்குகிறார்கள். 160 என்பது நிலத்தின் அளவு. அடைக்கிறவர் கணக்கிடுவது முகப்பை: முன்பக்கம் 20, இரு பக்கமும் 8, 8, ஆக 36 அடி. அதை உயரம் 8 ஆல் பெருக்கினால் 288 சதுர அடி. கேட்ட விலைக்கும் கையில் இருக்கும் காசுக்கும் இடையில் முதல் இடைவெளி இங்கேதான் விழுகிறது. ரூபாய்க் கணக்கை நான் எழுதப் போவதில்லை. 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதைப் பார்த்த நாட்டில், அச்சில் வந்த சீமெந்து விலையை நம்பி யாரும் வேலை தொடங்க மாட்டார்கள். எத்தனை கல், எத்தனை கம்பி என்று தெரிந்தால் அன்றைய ஹாட்வெயார் விலையோடு நீங்களே பெருக்கிக் கொள்ளலாம்.

மிகவும் மலிவானது, அடைக்காமல் விடுவது. இதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. மழைதான் ஒரே தொல்லை என்றால், அது வருவது வருடத்தில் மூன்று மாதம், பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்து. அந்தப் பக்கத்துக்கு மட்டும் சுருட்டி இறக்கும் படங்கு போதும். முன்பக்கம் முழுவதும் என்றாலும் 160 சதுர அடி படங்கு, மேலே ஒரு குழாய், கயிறு, கீழே பாரத்துக்கு இன்னொரு குழாய். கச்சான் வெயில்தான் தொல்லை என்றால் கிடுகுத் தட்டி படங்கை விட நல்லது. காற்றை விட்டு வெயிலை மட்டும் மறிக்கும். கிடுகு ஒன்றிரண்டு வருடத்தில் உக்கும், மாற்ற வேண்டும், கரையான் வரும். அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் மலிவுதான். நிலாவெளிப் பக்கத்து வெங்காயத்தை விறாந்தையில் கட்டித் தொங்கவிடும் வீட்டுக்காரர் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம். கண்ணாடிக்குள் தொங்கும் வெங்காயம் வேர்த்து அழுகும்.

அடுத்தது அரைச்சுவரும் கிறிலும். நம் ஊரில் அதிகம் காணப்படுவது இதுதான், என் கட்சியும் இதுதான். மாதிரி விறாந்தையில் வாசலுக்கு 4 அடி விட்டால் 32 அடி நீளத்துக்கு 3 அடி உயரச் சுவர் வரும், 96 சதுர அடி. 16 அங்குல நீளம், 8 அங்குல உயரமான சீமெந்துக் கல் என்றால் 108 கல். உடைவோடு 115 வாங்குங்கள். அதற்கு மேல் 5 அடிக் கிறில். பெட்டிக் கம்பியை 4 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்தினால் அடிக்கு மூன்று, ஆக 96 துண்டு. 20 அடிக் கம்பியில் நாலு துண்டு வெட்டலாம் என்பதால் 24 கம்பி. குறுக்கே மூன்று வரிசைக்கு 5 கம்பி. 4 அடி வாசல் கேற்றுக்கு 8 அடித் துண்டு 12, கம்பிக்கு இரண்டாக 6 கம்பி. அதில் மிஞ்சும் 4 அடித் துண்டுகள் கேற்றின் குறுக்குச் சட்டத்துக்கே சரியாகப் போய்விடும். மொத்தம் 35 கம்பி. வெல்டிங் கடையில் 50 கம்பி என்று எழுதித் தந்தால், மற்ற 15 எங்கே வருகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பூ வேலை, அன்ன வேலை என்று வளைத்தால் கம்பியும் கூலியும் ஏறும், துரு பிடிக்கும் மூலைகளும் கூடும்.

துருவைப் பற்றி நின்று பேசத்தான் வேண்டும். கடலுக்கு இவ்வளவு அருகில் இரும்பின் உண்மையான விலை வாங்கிய அன்று தெரியாது. கம்பியின் தடிப்பை முதலில் கேளுங்கள். வெளியில் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பெட்டிக் கம்பிகளில் ஒன்றின் தகடு மற்றதில் பாதியாக இருக்கலாம். விலை குறைந்த விலைப்பட்டியலின் இரகசியம் பெரும்பாலும் அதுதான். நாகம் பூசிய கம்பி வாங்கினாலும், வெல்டிங் பிடித்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்து போகிறது. துரு அங்கிருந்துதான் தொடங்கும். எனவே பற்றுவைத்த ஒவ்வொரு இடத்தையும் தேய்த்து, நாகம் கலந்த பூச்சு அடித்து, பிறகு துரு தடுக்கும் பெயின்ற், அதன் மேல் நிறம் என்று வேலை போக வேண்டும். பெயின்ற் அடித்துக் கொண்டு வந்து வீட்டில் வைத்து வெல்ட் பண்ணிப் போட்டுவிட்டுப் போகிறவர்களிடம் கவனம். கம்பியின் கால் சுவர்ச் சாந்துக்குள் புதைவதும் கூடாது. தண்ணீர் நிற்கும் இடம் அது. சுவரின் மேல் மட்டத்தை வெளிப்பக்கம் சரித்துப் பூசி, கிறில் சட்டத்தை அதற்கு மேலே சற்றுத் தூக்கிப் பொருத்தச் சொல்லுங்கள். இவ்வளவும் செய்தாலும் சில வருடங்களுக்கு ஒரு தடவை தேய்த்துப் பெயின்ற் அடிக்கும் செலவு உண்டு. துருப்பிடிக்காத உருக்கு என்று விற்கப்படுவதிலும் 304, 316 என்று இரண்டு தரம் உண்டு. கடற்கரைக்கு 316. மற்றது கொஞ்சக் காலத்தில் தேநீர் சிந்தியது போல் கறை காட்டும்.

கிறிலுக்கு உட்புறம் நுளம்பு வலை அடிப்பதை ஆடம்பரமாக எண்ண வேண்டாம். 2017 இல் இலங்கையில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. அந்த வருடத்தின் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டம் மறந்திருக்காது. டெங்கு நுளம்பு கடிப்பது காலையிலும் பின்னேரமும், நாம் விறாந்தையில் இருக்கும் அதே நேரம். வலையைக் கழற்றிக் கழுவக்கூடிய சட்டத்தில் போடுங்கள். உப்பும் மணலும் அடைத்த வலை காற்றையும் அடைத்துவிடும்.

இப்போது கண்ணாடிக்கு வருகிறேன். அலுமினியம் சட்டம் கம்பியைப் போலத் துருப்பிடிக்காது, பார்க்கவும் அழகு, மழை ஒரு சொட்டும் வராது. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ காசு அனுப்பும் பிள்ளை படம் பார்த்துத் தெரிவு செய்வதும் இதைத்தான். அங்கே வெயில் உள்ளே வந்து தங்குவது வரம். இங்கே மேற்குப் பார்த்த விறாந்தையில் கண்ணாடி போட்டால் பின்னேரம் மூன்று மணிக்கு உள்ளே யாரும் இருக்க முடியாது. இரண்டு கதவு வழுக்கி ஒன்றின் மேல் ஒன்று போகும் யன்னலில் திறப்பது பாதிதான்: 160 சதுர அடிக்குக் கண்ணாடி போட்டால் காற்று வரும் வழி 80. பிறகு மின்விசிறி, அதற்குப் பிறகு ஏசி, மாதா மாதம் மின்சாரப் பட்டியல். கண்ணாடியின் விலையைக் கேட்கும்போது இவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். சதுர அடிக்குச் சதுர அடி பார்த்தாலும் இது சாதாரண கிறிலை விட மேலேதான் நிற்கும். கண்ணாடியால் கள்ளனும் நிற்க மாட்டான். பலர் கடைசியில் கண்ணாடிக்குப் பின்னால் கிறிலும் அடிக்கிறார்கள், இரண்டு செலவு.

கண்ணாடிக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. உட்பக்கத்து வீடுகளில், வாடை நேரே அடிக்கும் அந்த ஒரு பக்கம். மற்ற இரண்டு பக்கமும் கிறிலும் வலையுமாக விட்டால் செலவும் இறங்கும். வழுக்கும் தடத்தில் தண்ணீர் வெளியேறத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். மணல் சேர்ந்தால் சக்கரம் சிக்கும்.

எந்த வகையை எடுத்தாலும் ஒரு விடயத்தை இங்கே பலர் யோசிப்பதில்லை. கூரை. 1964, 2000, 2020 என்று திருகோணமலையைத் தொட்ட மூன்று புயல்களும் மார்கழி மாதத்தவை. இவற்றில் கடைசியான புரேவி இந்த மாவட்டத்தின் வடகரையை ஒட்டியே கரை கடந்தது. முழுக்கத் திறந்த விறாந்தையில் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். இரண்டு பக்கத்தை இறுக்கி அடைத்துக் காற்று வரும் பக்கத்தை மட்டும் திறந்து விட்டால், உள்ளே வந்த காற்றுக்குப் போக வழியில்லை. அது மேலே தள்ளும். பாதி அடைத்த விறாந்தையின் சீற் கூரைதான் அதிகம் ஆபத்தில் நிற்கிறது. ஆகவே பக்கச் சுவர் எழுப்புகிறவர் அதே வேலையில் மரத்தைத் தூணோடு இரும்புப் பட்டியால் கட்டும் செலவையும் சேர்க்கட்டும். பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றைத் துளைக்கவோ வெட்டவோ நேர்ந்தால் நனைத்து, முகத்தை மூடிச் செய்யச் சொல்லுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

அறையாக்க நினைப்பவர்களுக்கு முதல் கேள்வி அத்திவாரம். விறாந்தை விளிம்பில் இருப்பது பல வீடுகளில் நிலத்தை ஏந்தும் சிறு கட்டு மட்டுமே. 8 அடிச் சுவரின் பாரத்துக்குப் போட்டதல்ல. நம் மணல் நிலத்தில் அது ஒரு மாரிக்குள் வெடித்துக் காட்டும். ஒரு மூலையில் தோண்டிப் பார்த்த பிறகு மேசன் விலை சொல்லட்டும். இரண்டாவது, விறாந்தைக்குத் திறக்கும் உள்ளறை யன்னல்கள். அவை இனி வெளிச்சமும் காற்றும் இல்லாத அறையைத்தான் பார்க்கும். மூன்றாவது தரை: வெளியே சரித்துப் போட்ட தரையில் கட்டில் ஆடும், அலமாரி சாயும், மட்டப்படுத்தச் சீமெந்து வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்தால், வீட்டின் பின்பக்கம் புதிதாக ஒரு அறை போடும் செலவுக்கு அருகில் வந்துவிடும். அப்படியானால் பின்பக்கமே போடுங்கள், விறாந்தை மிஞ்சும். ஒரு சாவுக்கோ கலியாணத்துக்கோ கதிரை போட இடம் வேண்டாமா?

அனுமதி விடயம் சுருக்கமாக. சுவர் எழுப்பி அறையாக்குவது கட்டட வேலை. பட்டினமும் சூழலும் பிரதேச சபையில் முதலில் கேட்டுவிடுங்கள், வீதியிலிருந்து விட வேண்டிய தூரத்தையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம். உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் உள்ள நிலம் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி கரையோர வலயம், களப்பு ஓரங்களுக்கும் அதில் ஏற்பாடு உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின் வடக்கு கிழக்கில் 200 மீற்றர் தடை போட்டுப் பிறகு தளர்த்தியதை வைத்து, இப்போது ஒன்றுமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அறை கூடினால் சோலைவரி மதிப்பீடும் கூடலாம்.

கிறில் அடிக்கிறவர்கள் ஒரு பகுதியையாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக, வாசலுக்கு எதிர்ப்பக்கத்தில் வைக்கட்டும். திறப்பு அதன் பக்கத்திலேயே, சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இடத்தில் தொங்க வேண்டும். தீ என்றாலும் கடல் என்றாலும் ஒரே வாசலை நம்பி இருக்க முடியாது.

வேலையை மாசிக்கும் ஆவணிக்கும் இடையில் வையுங்கள். பெயின்ற் காய வெயில் வேண்டும். விலைப்பட்டியலில் முகப்பின் சதுர அடி, கம்பியின் தடிப்பு, பூச்சு எத்தனை தடவை, வலை சேர்த்தா சேர்க்காமலா என்ற நான்கும் எழுத்தில் இருக்கட்டும். முற்பணம் கொடுங்கள், ஆனால் கடைசிப் பங்கை ஒரு நல்ல மழை பெய்து, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கும் வரை கையில் வைத்திருக்க முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சம்மதிக்காத பாஸ் என்றால் இன்னொருவரிடமும் விலை கேட்கலாம்.